வரையும் நாள் வேறு, விற்கும் நாள் வேறு: வீட்டிலிருந்து ஓவியம் வரைகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நன்றாக வரையத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வரைந்ததை நாலு பேருக்குக் காட்டி, அதில் கொஞ்சம் காசும் பார்க்கலாம் என்று இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பகலில் ஆபீஸ், சாயங்காலம் வீட்டு வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் தூரிகையை எடுப்பதா, இன்ஸ்டாகிராமில் ரீல் போடுவதா? பெரும்பாலும் ரீல்தான் ஜெயிக்கும். அது சுலபம், உடனே லைக்கும் விழும். படம் அப்படி இல்லை. பாதியில் அது நம்மைப் பார்த்து முறைக்கும்.

வாட்டர்கலர், பேனா, அக்ரிலிக் என்று காகிதத்திலோ சின்னக் கேன்வாஸிலோ வீட்டில் உட்கார்ந்து வரைகிற, விற்பனைக்குப் புதிதான ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராவது எப்படி என்று இதில் இருக்காது. வேலை இருக்கட்டும். சம்பளம் வருகிற வரைக்கும் பிடிக்காத படத்தை வரைந்து தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வரைகிற வேலையையும் அதை விற்கிற வேலையையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

"கலைஞன் தன்னைத்தானே விளம்பரம் பண்ணிக்கலாமா?" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இரண்டு உதாரணம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1505இல் வெனிஸுக்குப் போனபோது, அவர் மனைவி ஆக்னஸ் பிராங்க்ஃபர்ட் சந்தையில் கணவரின் அச்சுப் படங்களை விற்றார். 1520இல் நெதர்லாந்துப் பக்கம் கிளம்பிய டியூரர், அச்சுப் படங்களைக் கையோடு எடுத்துப்போய், யாருக்கு எதை விற்றோம், யாருக்கு எதைச் சும்மா கொடுத்தோம் என்று நாட்குறிப்பில் கணக்கே எழுதினார். நம் பக்கம், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1960களில் பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தின் துணையோடுதான் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. விற்பதற்கு ஒன்று, வரைவதற்கு ஒன்று என்று அவர்கள் பிரித்து வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். பத்திக் விற்ற காசு கையில் இருந்ததால், எந்த ஓவியத்தையும் விற்றே ஆகவேண்டும் என்று வரைய வேண்டியிருக்கவில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

முதலில் நேரமும் இடமும்

"தினமும் ரெண்டு மணி நேரம் வரைவேன்" என்ற சபதம் எல்லாம் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், அதுவும் எந்த மணி என்று முன்கூட்டியே முடிவுசெய்தது. இது போதும். முடிந்தால் காலையில் வையுங்கள். சாயங்காலம் வீடு திரும்புகிற ஆள் ஏற்கெனவே களைத்துப்போனவர், அவரை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது.

வீட்டில் இருப்பவர்களிடம் "எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "செவ்வாய், வியாழன், சனி காலையில அஞ்சரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, பால் வந்தா நீங்க வாங்கி வைங்க" என்று சொல்லுங்கள். முக்கியமாகப் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். அனுமதி கேட்கிற தொனியில் சொன்னால் அந்த நேரம் உங்கள் கையில் நிற்காது. சமையலறையில் குக்கர் சத்தம் போட்டால் அதை அணைக்க வீட்டில் இன்னொருவருக்கும் கை இருக்கிறது.

தனி அறை இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கடையில் ஏ3 அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளைவுட் பலகை வெட்டி வாங்குங்கள். காகிதத்தை அதன்மேல் மாஸ்கிங் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிவிட்டால், விருந்தாளி வரும்போது பலகையோடு தூக்கி பீரோ மேல் வைத்துவிடலாம். பலேட்டைக் கழுவாதீர்கள். குழியில் காய்ந்த வாட்டர்கலர் இரண்டு சொட்டுத் தண்ணீரில் மறுபடி உயிர் பெறும். சாமான்களை எடுத்து வைத்து ஆரம்பிக்கவே இருபது நிமிடம் ஆகிறது என்றால், மூன்றாவது வாரம் நீங்கள் ஆரம்பிக்கவே மாட்டீர்கள்.

வாட்டர்கலர் ஆட்களுக்கு ஒரு விஷயம். சென்னை மாதிரி கடலோர ஊரில் மே மாதம் மின்விசிறிக்கு அடியில் வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணத்தை அகலமாகப் பூசுவது) போட்டால், வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இடது ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். விசிறியை அணையுங்கள், காகிதத்தின் பின்பக்கத்தையும் ஈரமாக்கிக்கொள்ளுங்கள். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் காகிதம் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நவம்பர், டிசம்பரில் கதை நேர் எதிர். அரை மணி நேரம் ஆனாலும் காயாது. உங்களுடைய ஒரு மணியில் பாதி காத்திருப்பதிலேயே போகும், கை தானாக போனைத் தேடும். அதனால் மழைக்காலத்தில் எப்போதும் இரண்டு படங்களை ஒரே சமயத்தில் வையுங்கள். ஒன்று காயட்டும், மற்றதில் வேலை நடக்கட்டும். வாங்கி வைத்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு மூடுங்கள். ஈரக்காற்றில் காகிதத்தின் மேல்பூச்சு கெட்டுப்போனால், வண்ணம் மையொற்றுத் தாளில் விழுந்த மாதிரி ஆங்காங்கே திட்டுத் திட்டாக இறங்கிவிடும்.

போன் அடுத்த அறையில் இருக்கட்டும். பார்த்து வரைய ஒரு புகைப்படம் வேண்டும் என்றால் முந்தின நாளே கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியும் நிழலும் அதில்தான் தெளிவாகத் தெரியும், வண்ணத்தை நீங்களே முடிவுசெய்யவும் வேண்டிவரும்.

ஒரே விஷயத்தில் பத்துப் படம்

ஆரம்பித்த முதல் வாரமே பக்கம் திறந்து படம் போட வேண்டாம். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துப் பத்துப் படம் முடியுங்கள். உங்கள் தெருவில் இருக்கிற டீக்கடைகள், மாடித் தண்ணீர்த் தொட்டிகள், பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள், எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள் மயில், ஒரு நாள் நடிகர் முகம், ஒரு நாள் மண்டலா என்று போட்டால், பார்க்கிறவர் லைக் போட்டுவிட்டு மறந்துவிடுவார். "அந்தத் தண்ணித் தொட்டி வரையறவங்க" என்று யாராவது உங்களைப் பற்றிப் பேசினால், பாதி விளம்பரம் முடிந்தது.

நடிகர் முகம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. லைக் கொட்டும், உண்மைதான். ஆனால் அந்த லைக் நடிகருக்கு. ரசிகர் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் போட்டோவும் பதிவேடும்

இது சலிப்பான வேலை, ஆனால் இரண்டு நிமிடம்தான். ஒரு நோட்டில் படத்தின் பெயர், அளவு, எதில் வரைந்தது, முடித்த தேதி, விலை என்று எழுதுங்கள். யார் வாங்கினார்கள், இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் விட்டு வையுங்கள். பின்னால் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த விவரம் எல்லாம் கேட்பார்கள். அப்போது உட்கார்ந்து ஞாபகப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

போட்டோவை டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், வெள்ளைக் காகிதம் நீலமோ பச்சையோ அடித்துவிடும். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்திலோ பால்கனி நிழலிலோ காலை ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். படத்தைச் சுவரில் சாய்த்து, போனைப் படத்துக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால், படத்தின் ஓரம் கோணலாகிறதா என்று தெரியும். அச்சுப் பிரதி விற்கிற எண்ணம் இருந்தால் போன் போட்டோ போதாது. குறைந்தது 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு அசலைக் கொடுங்கள். அசல் கையைவிட்டுப் போன பிறகு எதுவும் செய்ய முடியாது.

விளம்பரத்துக்கு வாரம் ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி, எப்படியும் வரையப்போவதில்லை என்று தெரிந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வாரத்துக்கான எல்லாவற்றையும் அப்போதே தயார்செய்துவிட வேண்டும். மூன்று பதிவு போதும்: ஒன்றில் முழுப் படம், ஒன்றில் கிட்டத்தில் எடுத்த ஒரு சின்ன மூலை, ஒன்றில் பாதி முடிந்த நிலை. பேஸ்புக் நிறுவனமே தருகிற மெட்டா பிசினஸ் சூட் என்ற செயலியில் நாளும் நேரமும் குறித்து வைத்துவிட்டால் இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் அதுவே போட்டுக்கொள்ளும். இதற்குக் காசு கிடையாது.

என்ன எழுதுவது என்று தெரியாமல் "புதிய படம், எப்படி இருக்கு நண்பர்களே?" என்று போடுகிறோம். அதற்குப் பதில் படத்தில் இருக்கிற விஷயத்தையே இரண்டு வரி எழுதுங்கள்: எந்தத் தெரு, எந்த நேரம், அந்தச் சுவரின் மஞ்சளைப் பிடிக்க எதோடு எதைக் கலந்தீர்கள். கடைசியில் அளவு, விற்பனைக்கா இல்லையா, விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதினால் கூச்சப்படுகிறவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் பேரம் பேச வருவார்கள். விலையை வெளியிலேயே போட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

ரீல் போட்டே ஆகவேண்டுமா? ரீல் நிறையப் பேரிடம் போய்ச் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனால் கேமரா ஓடும்போது கை மாறிவிடும். பார்க்க அழகாக இருக்கிற தூரிகை அசைவைத்தான் செய்வோம், படத்துக்குத் தேவையானதைச் செய்யமாட்டோம். அதனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும், வீணாகப் போனாலும் பரவாயில்லை என்ற காகிதத்தில் வரைந்து, அதிலிருந்து நாலைந்து துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான படம் கேமரா இல்லாமல் நடக்கட்டும்.

பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று, உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியல். ஒரு நாள் காலையில் கணக்கு முடங்கலாம், யாராவது திருடலாம், செயலியின் விதி மாறலாம். வாங்கியவர்களின் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் நோட்டில் இருந்தால் பயமில்லை. வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியல்) ஒன்று போடுங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிவுசெய்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும் என்பதால், படம் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு தடவைக்கு மேல் அதில் எதுவும் அனுப்பாதீர்கள். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து கூடவே கூடாது.

கருத்துகளுக்குப் பதில் சொல்ல ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். வரையப் போவதற்கு முன்னால் மட்டும் திறக்காதீர்கள். யாரோ ஒருவர் "பெர்ஸ்பெக்டிவ் தப்பு" என்று எழுதியிருப்பார், அந்த மணி நேரம் முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

விலை

சதுர அங்குலக் கணக்குதான் ஆரம்பத்துக்கு நல்லது. 22க்கு 30 அங்குல முழுத் தாளை நாலாக மடித்தால் 11க்கு 15, அதாவது 165 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 15 ரூபாய் வைத்தால் 2,475. இதில் காகிதம், வண்ணம், உங்கள் உழைப்பு எல்லாம் அடக்கம். சட்டமும் (ஃபிரேம்) கூரியரும் தனி. அந்த 15 உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் எண் 10 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணாக இருக்கட்டும். இந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதற்காக விலையை ஏற்றினால், அது ஏன் அதிகம் என்று கேட்கிறவருக்குச் சொல்லப் பதில் இருக்காது. பிடித்ததை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலரிகள் (ஓவியக் காட்சிக்கூடங்கள்) விற்பனையில் மூன்றில் ஒரு பங்கோ, சில இடங்களில் பாதியோகூட எடுத்துக்கொள்ளும். உங்கள் விலை அதையும் தாங்க வேண்டும். காலரியில் ஒரு விலை, இன்ஸ்டாகிராமில் அதைவிடக் குறைவான விலை என்று வைத்தால் அந்தக் காலரி மறுபடி கூப்பிடாது.

அப்புறம் சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது மாமா ஒருவர் ஆரம்பிப்பார்: "நீதான் நல்லா வரையறியேம்மா, நம்ம வீட்டு ஹாலுக்குப் பெருசா ஒரு ராதா கிருஷ்ணர் வரைஞ்சு குடேன். பெயின்ட் காசு வேணா நான் தரேன்." கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். "கண்டிப்பா மாமா. பெருசுன்னா பதினஞ்சாயிரம் கிட்ட ஆகும், உங்களுக்குன்னா பத்து சதவீதம் குறைச்சுக்கறேன். இல்லன்னா என்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு, அதை உங்க கிரகப்பிரவேசத்துக்குப் பரிசா தரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பரிசு கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். எப்போது, யாருக்கு என்பதை நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். "காசு இல்லை, ஆனா உங்க பேர் வெளியே தெரியும்" என்று வருகிற கடைக்காரருக்கும் விழாக் குழுவுக்கும் இந்தத் தாராளம் தேவையில்லை.

கேட்டு வரைந்து கொடுப்பது

ஆர்டர் எடுத்தால் பாதிப் பணம் முன்பணம். அது வராமல் பென்சிலைத் தொட வேண்டாம். பென்சில் வடிவத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள், அந்தக் கட்டத்தில் இரண்டு தடவை வரை மாற்றிக் கொடுக்கலாம், வண்ணம் போட்ட பிறகு மாற்றம் கிடையாது. இதையெல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவுப்படி, நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் ஒருவர் கேட்டு, அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை கேட்டவருக்குப் போய்விடும். அதை நீங்கள் பிறகு அஞ்சலட்டையாகவோ காலண்டராகவோ அச்சடிக்க நினைத்தால் பிரச்சினை வரும். "அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும்" என்ற ஒரு வரியையும் அந்தச் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

ஆர்டர்கள் சேர ஆரம்பித்தால் சொந்தப் படம் நின்றுபோகும். வாரத்தில் வரைகிற மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் ஆர்டருக்குக் கொடுங்கள். "அடுத்த மாசம்தான் தர முடியும்" என்று சொன்னால் நல்ல வாடிக்கையாளர் காத்திருப்பார்.

வெளியே போய்க் காட்டுவது

ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை நேரில் போய் உட்காருங்கள். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிற சித்ர சந்தை, தெருவிலேயே ஓவியங்களை வைத்து விற்கிற ஒருநாள் சந்தை. வழக்கமாக ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும், பல மாநில ஓவியர்கள் வருவார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, சோழமண்டலம், முட்டுக்காட்டுப் பக்கம் தக்ஷிணசித்ரா ஆகிய இடங்களில் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. முதலில் பார்வையாளராகப் போய், எந்த அளவுப் படத்துக்கு எப்படி விலை போட்டிருக்கிறார்கள், எப்படிச் சட்டம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குழுக் கண்காட்சியில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். தனிக் கண்காட்சி என்றால் காட்சிக்கூடத்தின் வாடகை, சட்டம், அழைப்பிதழ் எல்லாம் உங்கள் தலையில்.

தெருச் சந்தைக்குப் போகும்போது அசல்களோடு 200, 300 ரூபாயில் அச்சுப் பிரதிகளும் வேண்டும். அசலைப் பார்த்து மயங்கி, விலையைப் பார்த்துத் தயங்குகிறவர் ஒரு பிரதியாவது வாங்கிப் போவார். கியூ.ஆர். அட்டை, சில்லறை, பிளாஸ்டிக் உறை, சுருட்டி அனுப்ப அட்டைக் குழாய், வெயிலுக்குத் தொப்பி. கடைக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள். சின்ன நோட்டில் எதையாவது வரைந்துகொண்டிருங்கள், கூட்டம் தானாக நிற்கும்.

பணமும் மோசடியும்

ஓவிய வருமானத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வையுங்கள். காகிதம், வண்ணம், கூரியர் எல்லாம் அதிலிருந்து போகட்டும். வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று அப்போதுதான் தெரியும். சம்பளத்தோடு இந்த வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், பில்களைத் தூக்கி எறியாதீர்கள்.

படம் விற்பனைக்கு என்று போட்டதும் வருகிற முதல் ஆள் பெரும்பாலும் திருடன். "நான் ராணுவத்தில் இருக்கேன், மூணு படமும் எடுத்துக்கறேன், பேரம் வேண்டாம்" என்பார். பிறகு ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்" என்பார். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். "தெரியாமல் கூடுதலாக அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று வருகிற ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் படம் கூரியருக்குப் போக வேண்டும்.

எதுவும் நடக்காத மாதங்கள்

பிள்ளைக்குப் பரீட்சை, அப்பாவுக்கு ஆபரேஷன், ஆபீஸில் ஆடிட். இந்த மாதிரி சமயங்களில் முதலில் விளம்பரத்தை நிறுத்துங்கள், வரைவதைக் கடைசியில் நிறுத்துங்கள். நாம் வழக்கமாகச் செய்வது தலைகீழ்: படம் நின்றுபோயிருக்கும், பழைய படங்களை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்போம். ஒரு மாதம் பதிவு வராவிட்டால் யாரும் உங்களைத் தேடி வந்து சண்டை போட மாட்டார்கள், "ஒரு சின்ன இடைவேளை" என்று அறிவிப்பும் தேவையில்லை. கைப்பையில் உள்ளங்கை அளவு நோட்டும் ஒரு பேனாவும் இருக்கட்டும். ஆஸ்பத்திரி வராண்டாவில் டோக்கன் நம்பர் வருகிற வரைக்கும் எதிரில் இருக்கிற நாற்காலி வரிசையை வரையலாம். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுக்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். நிலைமை சரியானதும் பழையபடி செவ்வாய்க்கிழமை காலையில் பலகையை இறக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.